நிலத்தில் ஏறும் நீலம்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீர்நிலைப் பிழைகளும் அவற்றைத் தீர்க்கும் முறையும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீர் தவறாகக் காட்டப்படுவது பெரும்பாலும் மூன்று வடிவங்களில் கண்ணில் படும். நிலமாக இருக்க வேண்டிய இடத்தில் கடலின் நீலம் பரவியிருக்கும். நேற்றுவரை இருந்த ஏரி காணாமல் போயிருக்கும். ஏரி நடுவே இருந்த தீவை நீர் மூடியிருக்கும். ஆறு பாதியில் அறுந்து நிற்பது, பெரிதாக்கினால் தெரியும் குளம் சிறிதாக்கினால் மறைவது, ஏரியின் குறுக்கே காரணமில்லாமல் ஒரு நேர்கோடு ஓடுவது என்று சில்லறைக் கோளாறுகளும் உண்டு. வரைபடத்தில் நீலமாகத் தெரிவதெல்லாம் ஒரே வழியாக வந்து சேர்வதில்லை. கடல் ஒரு வழியாக வருகிறது. ஏரியும் அகன்ற ஆறும் இன்னொரு வழியாக வருகின்றன. ஓடையும் வாய்க்காலும் மூன்றாவது வழியாக வருகின்றன. கோளாறு எந்த வழியில், எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று தெரியாமல் தரவில் கைவைத்தவர்களால்தான் சின்னப் பிழைகள் பெரிதாகியிருக்கின்றன.

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த வரைபடத்தின் தரவுத்தளத்தில் நிறம் என்று ஒன்று கிடையாது. அங்கே இருப்பவை புள்ளிகள், புள்ளிகளைக் கோத்த வழிகள், வழிகளைத் தொகுத்த உறவுகள், இவற்றின்மேல் ஒட்டிய குறிச்சொற்கள் ஆகியவை மட்டுமே. ‘நேச்சுரல்=வாட்டர்’ என்ற குறிச்சொல் உள்ள பரப்புக்கு நீலம் பூசுவது, வரையும் மென்பொருளுக்குக் கொடுக்கப்பட்ட பாணி விதிகளின் வேலை. முகப்பில் தெரியும் வழக்கமான படத்தில் இந்த விதிகளின் தொகுப்புக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கார்ட்டோ என்று பெயர். தரவை ஓஎஸ்எம்டூபிஜிஎஸ்க்யூஎல் என்ற நிரல் தரவுத்தளத்தில் ஏற்றும், மேப்னிக் அதைப் படமாக வரையும், படம் 256 பிக்சல் சதுரங்களாக வெட்டிச் சேமிக்கப்படும். இந்தச் சதுரங்களுக்கு டைல் என்று பெயர். பார்ப்பவரின் திரைக்கு வருவது அந்தச் சேமித்த டைல்தான். தரவு சரியாக இருந்தும் டைல் பழையதாக இருக்கலாம். டைல் புதியதாக இருந்தும் தரவு உடைந்திருக்கலாம்.

கடலின் கதைதான் இவற்றில் விசித்திரமானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் கடலை வரைவதில்லை. கரையை மட்டும் வரைகிறார்கள். ‘நேச்சுரல்=கோஸ்ட்லைன்’ என்ற குறிச்சொல் உள்ள கோடு எந்தத் திசையில் வரையப்பட்டதோ, அந்தத் திசையில் போகும்போது இடப்பக்கம் நிலம், வலப்பக்கம் நீர் என்பது விதி. ஆகவே தீவின் கரை கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிவர வேண்டும். கண்டங்களைச் சுற்றும் கரை ஆயிரக்கணக்கான வழிகள் முனையோடு முனை சேர்ந்து உருவானது. அந்த வளையம் ஓரிடத்தில் அறுந்தால், எது உள்ளே எது வெளியே என்று சொல்ல வழியில்லாமல் போகும்.

தொடக்க காலத்தில் இது நேரடியாகவே டைலைப் பாதித்தது. தன்னார்வலர்கள் தங்கள் சொந்தக் கணினிகளில் டைல் வரைந்து அனுப்பிய டைல்ஸ்@ஹோம் திட்டத்தில், கடற்கரையே இல்லாத ஒரு சதுரம் முழுக்க நிலமா, முழுக்கக் கடலா என்று நிரலுக்குத் தெரியாது. அதற்காக ஜூம் 12 என்ற பெரிதாக்க நிலையின் ஒவ்வொரு சதுரத்துக்கும் நிலம், கடல், இரண்டும் கலந்தது என்று குறித்துவைத்த ஒரு கோப்பு பராமரிக்கப்பட்டது. அதில் ஒரு சதுரம் தவறாகக் குறிக்கப்பட்டால் உள்நாட்டு ஊர் ஒன்று சதுர வடிவில் நீருக்குள் மூழ்கும். பிழை சதுர வடிவில் இருந்தால் அது டைலின் பிழை என்று அன்று சொன்ன பாடம் இன்றும் உதவுகிறது. இயற்கை நேர்கோட்டில் வெள்ளம் விடுவதில்லை.

இன்று இந்த வேலையை யோஹென் டோப்ஃப் எழுதிய ஓஎஸ்எம்கோஸ்ட்லைன் என்ற நிரல் செய்கிறது. உலகின் கரைக்கோடுகள் எல்லாவற்றையும் அது எடுத்து, முனைகளைக் கோத்து, வளையங்களாக்கி, நிலப்பரப்பு, நீர்ப்பரப்பு என்று இரண்டு தொகுப்புகளைத் தயாரிக்கிறது. சின்ன இடைவெளிகளைத் தானே மூடும். திசை மாறிய வளையங்கள் பலவற்றைத் தானே திருப்பும். சரிசெய்த இடங்களைப் பிழைப்பட்டியலில் குறிக்கும். வரையும் சேவையகங்கள் கடலுக்கு நேரடித் தரவை நாடாமல், இந்த நீர்ப்பரப்புத் தொகுப்பையே எடுத்துக்கொள்கின்றன. ஜூம் 9 வரை அதன் எளிமைப்படுத்திய வடிவமும், 10 முதல் முழு வடிவமும் பயன்படுகின்றன.

இந்த ஏற்பாட்டில் ஒரு காவலும் உண்டு. தொகுப்பு நாளுக்கு ஒருமுறை தயாராகிறது. புதியதும் பழையதும் ஒப்பிடப்படுகின்றன. வித்தியாசம் அளவுக்கு மீறி இருந்தால் புதியது வெளியிடப்படாமல் நிறுத்தப்படுகிறது. ஒருவர் ஏதோ ஒரு நாட்டின் கரையில் நீண்ட துண்டை அழித்துவிட்டால், அந்த நாடு மூழ்கிப்போவது போன்ற படம் வெளிவராமல் இந்தக் காவல் தடுக்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. அந்தப் பிழை தீரும்வரை உலகின் வேறெந்தக் கரையிலும் செய்த திருத்தம் வழக்கமான வரைபடத்தில் தெரியாது. தன் ஊர்க் கரையைச் சரியாகத் திருத்திவிட்டு, படம் மாறவில்லையே என்று அதே கோட்டைத் திரும்பத் திரும்ப மாற்றுபவர் காத்திருக்க வேண்டிய காரணம் பல நேரங்களில் வேறொரு கண்டத்தில் இருக்கும்.

கரைப் பிழைகளில் அடிக்கடி வருபவை சில. முதலாவது, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. இரண்டு வழிகளின் முனைகள் ஒரே ஆயத்தொலைவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் இணைந்தே தெரியும். ஆனால் அவை இரண்டு தனிப் புள்ளிகள். மென்பொருளைப் பொறுத்தவரை கோடு அறுந்திருக்கிறது. ஜோசம் என்ற திருத்தியில் அந்த இடத்தில் ஒரு புள்ளியைச் சற்று இழுத்துப் பார்த்தால் ஒரு கோடு மட்டும் கூட வரும், மற்றது அசையாது. இழுத்ததை ரத்துசெய்து, இரண்டு புள்ளிகளையும் தேர்ந்து எம் விசையை அழுத்தினால் அவை ஒன்றாகும். இரண்டாவது, திசை மாறிய கோடு. இதற்கு ஆர் விசை போதும், ஆனால் திருப்புமுன் பக்கத்துக் கோடுகளின் அம்புக்குறிகள் எந்தப் பக்கம் காட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். நடுவே ஒரு துண்டு மட்டும் எதிர்த்திசையில் இருந்தால் அதை மட்டும் திருப்ப வேண்டும். இரு பக்கத்துத் துண்டுகளையும் சேர்த்து மூன்றையும் திருப்பினால் பிழை இடம் மாறும், அவ்வளவே. உலாவியிலேயே இயங்கும் ஐடி திருத்தி கரைக்கோட்டின் நீர்ப்பக்கத்தில் சிறு குறிகள் இட்டுக் காட்டுவதால், புதியவர்களுக்கு அதில் திசை புரிவது எளிது. மூன்றாவது, கரைக்கோடு தன்னையே வெட்டிக்கொள்வது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அவசரமாகப் புள்ளியிடும்போது, குறுகிய கழிமுகங்களில் இது நேரும்.

பழைய கரைகளில் இன்னொரு வகைக் குறை தென்படும். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து தானியங்கி முறையில் பிரித்தெடுத்த பிஜிஎஸ் என்ற கரைத்தரவு பெருமளவில் ஏற்றப்பட்டது. பிக்சல் விளிம்பைப் பின்தொடர்ந்ததால் அதன் கோடுகள் படிக்கட்டு போல உடைந்திருக்கும்; சில இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியும் இருக்கும். கடலோரச் சாலை கடலுக்குள் ஓடுவதுபோல் தெரிந்தால், சாலையைச் சந்தேகிப்பதற்கு முன் கரையின் மூலக்குறிப்பைப் பார்ப்பது நல்லது. கரைக்கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் வரையறை இருக்கிறது. கடல் மிக உயர ஏறும் பேரோதத்தின்போது நீர் எட்டும் சராசரி எல்லையே அது. ஓதம் இறங்கும்போது வெளிப்படும் சேற்றுத்திட்டு கரைக்கு வெளியே தனிப் பரப்பாக வரையப்பட வேண்டும். சதுப்புநிலக் காடுகளில் இந்த எல்லை எங்கே என்பதில் பட்டறிவு உள்ளவர்களே வேறுபடுவார்கள்.

ஏரிகளுக்கு வந்தால் தர்க்கம் மாறுகிறது. சிறிய குளம் ஒரு மூடிய வழி; அதன்மேல் ‘நேச்சுரல்=வாட்டர்’ ஒட்டினால் வேலை முடிந்தது. வரைந்த திசைக்கு இங்கே பொருளில்லை. ஆனால் ஒரு வழியில் 2000 புள்ளிகளுக்குமேல் இருக்க முடியாது. பெரிய நீர்த்தேக்கத்தின் கரையைப் பல வழிகளாகப் பிரித்து, மல்டிபாலிகன் என்ற உறவில் தொகுக்க வேண்டியிருக்கிறது. கரையின் வழிகளுக்கு ‘அவுட்டர்’ என்றும், தீவுகளின் கரைக்கு ‘இன்னர்’ என்றும் பங்கு கொடுக்கப்படுகிறது. ஏரி காணாமல் போகும் நிகழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த உறவு உடைவதால் வருபவை.

எப்படி உடைகிறது என்பதை ஒரு சாதாரணச் சூழலில் பார்க்கலாம். மூன்று கரை வழிகளும் இரண்டு தீவுகளும் கொண்ட நீர்த்தேக்கம் ஒன்று. ஒருவர் புதிய பாலம் வரைய வருகிறார். பாலம் கரையைத் தொடும் இடத்தில் கரைவழி இரண்டாகப் பிரிகிறது. திருத்தி இரண்டு துண்டுகளையும் உறவில் சேர்த்துவைக்கிறது. பாலத்தடியில் இருக்கும் குட்டித் துண்டு தேவையற்றது என்று எண்ணி அவர் அதை அழித்துவிடுகிறார். திரையில் பத்து மீட்டர் இடைவெளி. பாலத்தின் கோடு அதை மறைக்கிறது. ஆனால் வளையம் மூடவில்லை. ஓஎஸ்எம்டூபிஜிஎஸ்க்யூஎல் அந்த உறவைப் பரப்பாகக் கட்ட முடியாமல் ஒதுக்கிவிடுகிறது. பல சதுரக் கிலோமீட்டர் நீர் ஒரே நொடியில் மறைகிறது. பாலம் வரைந்தவருக்குத் தான் ஏரியை அழித்தோம் என்பதே தெரியாது. சிறிய ஜூமில் பழைய டைல் இன்னும் சில நாள் நீலமாகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஜோசமின் உறவுத் திருத்தி போதும். உறுப்பினர் பட்டியலின் ஓரத்தில் ஒவ்வொரு வழியும் அடுத்ததோடு சேர்கிறதா என்று ஒரு சங்கிலிக்கோடு காட்டும்; வளையம் மூடினால் கோடு சுற்றிவந்து சேரும், அறுந்த இடத்தில் நின்றுபோகும். அதற்குமுன் உறவின் எல்லா உறுப்பினர்களையும் பதிவிறக்கியாக வேண்டும். பாதி உறுப்பினர்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லா ஏரியும் உடைந்ததாகத்தான் தெரியும். வளையம் சரியாக இருந்தும் ஏரி தெரியாவிட்டால் வேறு சில காரணங்கள் உண்டு. கரை தன்னையே வெட்டியிருக்கலாம். இரண்டு வெளிவளையங்கள் ஒரு துண்டைப் பகிர்ந்திருக்கலாம். ஒரே வழி உறவில் இரண்டு முறை இடம்பெற்றிருக்கலாம். உறவின் ‘டைப்’ குறிச்சொல்லே விடுபட்டிருக்கலாம். ‘வாட்டர்’ பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கலாம். ‘இன்னர்’, ‘அவுட்டர்’ பங்குகள் மாறிப்போயிருப்பது பலர் நினைப்பதுபோல் ஏரியை மறைப்பதில்லை. இன்றைய கட்டும் நிரல்கள் பங்கைவிட வடிவத்தையே நம்புகின்றன. எது உள்ளே கிடக்கிறது என்பதை அவை கணக்கிட்டே அறிகின்றன. இருந்தாலும் பங்கைத் திருத்திவைப்பதுதான் முறை, அதை நம்பும் நிரல்களும் இருக்கின்றன.

பழைய ஏரிகளில் இன்னொரு வேர் உண்டு. ஒருகாலத்தில் குறிச்சொற்களை உறவின்மேல் ஒட்டாமல் வெளிவழியின்மேல் ஒட்டும் வழக்கம் இருந்தது. 2017-இல் சமூகம் இவற்றைத் தேடித் திருத்தியது. அதன்பின் அந்த முறைக்கான ஆதரவு கைவிடப்பட்டது. உறவின்மேல் ‘டைப்’ மட்டும் இருந்து வேறொன்றும் இல்லையென்றால் இந்தக் காரணத்தைச் சோதிக்கலாம். ‘வாட்டர்வே=ரிவர்பேங்க்’ என்ற பழைய குறிச்சொல்லும் இப்படி வழக்கொழிந்துவருவதே; அகன்ற ஆற்றின் பரப்புக்கு இப்போது ‘நேச்சுரல்=வாட்டர்’ உடன் ‘வாட்டர்=ரிவர்’ சேர்ப்பது பரிந்துரை.

ஏரியின் குறுக்கே ஓடும் நேர்கோடு பெரும்பாலும் மொத்த இறக்குமதியின் தழும்பு. கனடாவின் அரசு நிலவரைத் தரவான கேன்வெக் தாள்தாளாக ஏற்றப்பட்டபோது, தாள் எல்லையில் கிடந்த ஏரிகள் துண்டுகளாகவே வந்து சேர்ந்தன. இரண்டு துண்டும் நீலம்தான், ஆனால் எல்லையில் மெல்லிய வெளிறிய கோடு தெரியும், பெயரும் இரண்டு முறை அச்சாகும். துண்டுகளை ஒரே மல்டிபாலிகனாக இணைத்து, நடுக்கோட்டை நீக்குவதே தீர்வு. ஆனால் எல்லா நேர்கோடும் தழும்பல்ல. நீண்ட ஆறுகளின் பரப்பு, கையாள எளிதாக இருக்க வேண்டுமென்று வேண்டுமென்றே பல துண்டுகளாக வைக்கப்படுகிறது. அவற்றை இணைத்து ஒரு பூத உறவை உருவாக்குபவர், அடுத்த பாலக்காரரின் கையில் முழு ஆறும் ஒரேயடியாக மறைய வழிசெய்கிறார்.

தீவு மறைவதற்கான காரணம் பாணியில் இருக்கிறது. காட்டையும் வயலையும் வரைந்த பிறகே கார்ட்டோ நீர்ப்பரப்பை வரைகிறது. தீவின்மேல் காடு என்று ஒரு பரப்பை வரைந்து, ஏரியின் உறவில் அந்தத் தீவை உள்வளையமாகச் சேர்க்காவிட்டால், நீர் அதன்மேல் பூசப்படும். காட்டுக்கு ‘லேயர்=1’ கொடுத்து மேலே தூக்கப்பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் குறிச்சொல் பாலம், சுரங்கம் போன்று ஒன்றன்மேல் ஒன்று போகும் பொருள்களுக்கானது. தீவுக்கு அதைக் கொடுப்பது படத்தை ஏமாற்றுவதற்காகத் தரவில் பொய் எழுதுவதாகும். இதே இனத்தைச் சேர்ந்தது, மறைந்த ஏரியின்மேல் இன்னொரு ஏரியைப் புதிதாக வரைந்துவிடுவது. படம் நீலமாகிவிடும், ஆனால் உடைந்த உறவு அடியில் அப்படியே கிடக்கும். அதை வேறொருவர் சரிசெய்யும் நாளில் ஒரே இடத்தில் இரண்டு ஏரி இருக்கும்.

ஆறும் ஓடையும் கோடுகளாக வருபவை; இங்கே பிரச்சினைகள் எளியவை. நீரோட்டத்தின் திசையில் வரைய வேண்டும். சாலைக்கு அடியில் போகும் இடத்தைச் சிறு துண்டாகப் பிரித்துக் குழாய்ப்பாலம் என்று குறிக்க வேண்டும். ஆறு அறுந்ததுபோல் தெரியும் இடங்கள் சிலவற்றில் அந்தத் துண்டில் குறிச்சொல் விடுபட்டதே காரணம். ஓடையும் வடிகாலும் சிறிய ஜூமில் வரையப்படுவதே இல்லை. அதைப் பிழை என்று எண்ணி ஓடையை ஆறு என்று மாற்றுவது மீண்டும் அதே ஏமாற்று.

ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் எளிதல்ல. அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இடையே சுமார் 220 கிலோமீட்டர் அகலத்தில் கடலில் கலக்கும் ரியோ டி லா பிளாட்டா ஆறா, வளைகுடாவா என்பதில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீண்ட தகராறு நடந்திருக்கிறது. கரைக்கோட்டை உள்ளே தள்ளினால் அது கடலாகும், வெளியே இழுத்தால் ஆறாகும். நிறம் ஒன்றுதான், ஆனால் வரையும் வழி மாறிவிடும். சிறிய ஜூமில் நாட்டின் வடிவமே வேறாகத் தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பின்னால் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகக் கிடக்கும் பழவேற்காடு போன்ற காயல்களிலும் இந்தத் தேர்வு உண்டு. முகத்துவாரத்தில் கரைக்கோட்டை மூடிவிட்டுக் காயலைத் தனி நீர்ப்பரப்பாக்கலாம், அல்லது கரைக்கோட்டையே காயலைச் சுற்றி ஓடவிடலாம். இரண்டும் ஏற்கப்படும். ஒருவர் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் இன்னொருவர் மற்றதைத் தொடங்கினால்தான் நிலம் மூழ்கும்.

பருவ நீர்நிலைகளில் ‘பிழை’ என்ற சொல்லையே யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். தமிழ்நாட்டு ஏரிகளும் கண்மாய்களும் ஒருபக்கம் மண்கரை கட்டி, மழைநீரைத் தேக்கும் ஆழமற்ற நீர்நிலைகள். கார்த்திகையில் எடுத்த படத்தில் நீர் கலிங்கு வரை நிற்கும். வைகாசியில் எடுத்ததில் நடுவே குட்டையும் சுற்றிலும் புல்லும் கருவேலமும் தெரியும். இரண்டு படத்தையும் பார்த்து இரண்டு பேர் வரைந்தால் ஏரி சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். நீர் நிறையும் எல்லையை வரைந்து ‘இன்டர்மிட்டன்ட்=யெஸ்’ சேர்ப்பது வழக்கம்; கார்ட்டோ அதைத் திட நீலத்துக்குப் பதில் கோடிட்ட நீலமாகக் காட்டும். கோடிட்ட ஏரியைக் கண்டு படம் கெட்டுவிட்டது என்று புகார் செய்பவர்களும் உண்டு. மண்கரையைத் தனிக்கோடாக வரைந்துவைத்தால் அடுத்தவர் எல்லையைக் குழப்பிக்கொள்ள மாட்டார். ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் 10 மீட்டர் துல்லியமே கொண்டவை என்றாலும், எந்த மாதத்தில் நீர் எதுவரை நின்றது என்று காண அவை போதும்.

தரவில் பழுதே இல்லாத புகார்களும் ஏராளம். பெரிய ஜூமில் டைல்கள் திருத்தத்துக்குப்பின் சில நிமிடங்களில் புதுப்பிக்கப்படும். சிறிய ஜூமில் இருப்பவை நாட்கணக்கில் பழையவையாகவே இருக்கும். உலாவியும் தன் பங்குக்குப் பழைய டைலை வைத்திருக்கும். அதைக் கட்டாயமாகப் புதுப்பித்துப் பார்த்தபின், டைலின் முகவரிக்குப் பின்னால் ‘/ஸ்டேட்டஸ்’ என்று ஆங்கில எழுத்தில் சேர்த்தால் அது எப்போது வரையப்பட்டது என்று தெரியும். ‘/டர்ட்டி’ என்று சேர்த்தால் மறுபடி வரையச் சொல்லிக் கேட்டதாகும். ஒரே இடம் ஜூம் 15-இல் சரியாகவும் ஜூம் 11-இல் தவறாகவும் இருந்தால் தரவைத் தொட வேண்டியதில்லை. எல்லா ஜூமிலும் தவறு என்றால் தரவைத் திறக்கலாம்.

திறந்தவுடன் திருத்தத் தொடங்காமல் வரலாற்றைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். பொருளின் ஒவ்வொரு பதிப்பும், அதை மாற்றிய திருத்தத் தொகுப்பும் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஓவர்பாஸ் என்ற தேடல் சேவையில் தேதி கொடுத்துக் கேட்டால் அந்த நாளில் ஏரி எப்படியிருந்தது என்றே காட்டும். நேற்றைய ஒரு திருத்தத் தொகுப்பால் உடைந்தது தெரிந்தால், கையால் ஒட்டுப்போடுவதைவிட ஜோசமின் ரிவர்ட்டர் செருகுநிரலால் அதைத் திரும்பப்பெறுவது பாதுகாப்பானது. உடைத்தவருக்கு அந்தத் திருத்தத் தொகுப்பின் கீழ் ஒரு வரி எழுதுவதும் வழக்கம். பெரும்பாலோர் தெரியாமல் செய்தவர்களே. உலகளவில் உடைந்த கரைகளையும் மல்டிபாலிகன்களையும் ஜியோஃபாப்ரிக்கின் ஓஎஸ்எம் இன்ஸ்பெக்டரும், பிரான்சிலிருந்து இயங்கும் ஆஸ்மோசும் பட்டியலிடுகின்றன. தன் பகுதியை மட்டும் அதில் அவ்வப்போது பார்க்கும் ஒருவர், புகார் வருமுன்பே பலவற்றைத் தீர்த்துவிடலாம்.

இதே தரவிலிருந்து பிறக்கும் மற்ற வரைபடங்களில் கணக்கு மறுபடி மாறும். கார்மின் கருவிகளுக்கான எம்கேஜிமேப் நிரல் உலகத்தைப் பகுதிகளாக வெட்டிக் கடலைத் தானே உண்டாக்க முயலும்போது, பகுதியின் ஓரத்தில் கரை அறுபட்டு அந்தப் பகுதி முழுதும் நீலமாகிவிடும். முன்பே தயாரித்த கடற்கோப்பை எடுத்துக்கொள்ளுமாறு நிரலிடம் சொல்வது இதற்கான வழி. வெக்டர் டைல்களில் ஏரி டைலுக்கு டைல் வெட்டப்படுவதால் விளிம்பில் கோடு தெரியலாம். எளிமைப்படுத்தும்போது சிறு குளங்கள் விழுந்துவிடலாம். இவை தரவில் இருப்பவை அல்ல. ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளின் இணையமற்ற கோப்புகள் பொதுவாக மாதம் ஒருமுறை தயாராகின்றன. ஆகவே தரவில் இன்று ஒட்டிய ஏரி வழக்கமான வரைபடத்தில் சில நிமிடங்களிலும், கடற்கரை என்றால் அடுத்த கரைத்தொகுப்பு வெளியானபிறகும், கைப்பேசிச் செயலியில் அடுத்த மாதக் கோப்பை இறக்கிய பிறகும் தெரியும்.